மரத்துப் போச்சு என்று சொன்னால்: தாராவி டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய டாக்டர் ஐயா, டாக்டர் அம்மா,

90 அடி சாலையிலும் அதை ஒட்டிய சந்துகளிலும், சயான், மாட்டுங்கா லேபர் கேம்ப், ஆன்டாப் ஹில் பக்கத்திலும் கிளினிக் வைத்து எங்களைப் பார்த்துக்கொள்ளும் உங்கள் எல்லோருக்கும் இந்த மடலை எழுதுகிறேன். தமிழ் தெரிந்தவர்கள் நேராகப் படியுங்கள். தெரியாதவர்களுக்கு உங்கள் கம்பவுண்டரோ, வாசலில் காத்திருக்கும் எங்கள் பிள்ளைகளில் யாரோ படித்துச் சொல்லட்டும்.

உங்கள் மேல் பழி போட இதை எழுதவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும், அதனால் எங்களுக்கு முதல் டாக்டர் நீங்கள்தான். ராத்திரி பத்தரை மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கியவர், என் மகனுக்கு மூச்சுத் திணறுகிறது என்றதும் மறுபடி தூக்கிவிட்டு நெபுலைசர் வைத்தார். கொரோனா வந்த 2020 ஏப்ரலில் பாதுகாப்பு உடையை மாட்டிக்கொண்டு இந்தச் சந்துகளில் வீடு வீடாக ஏறி இறங்கியவர்களும் உங்களில் இருக்கிறார்கள். அந்த நன்றி குறையாமல்தான், விரல் நீலமாகிச் சில்லிட்டு வருகிறவர்களுக்கு அதன் காரணத்தைத் தேடுங்கள் என்று கேட்க வந்திருக்கிறேன். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. ஒரு சின்னக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். என் அம்மாவின் ஒரு விரலால் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன்.

அம்மாவுக்கு அப்போது 56 வயது. எங்கள் வீட்டில் இட்லி வியாபாரம். ராத்திரி மூன்று மணிக்கு அடுப்பு பற்றும், ஆறு மணிக்கு அப்பா சைக்கிளில் கேனைக் கட்டிக்கொண்டு கிளம்புவார். 2022 மே மாதத்தில் ஒரு நாள், மாவு கரைத்த கையைக் கழுவிவிட்டு வந்த அம்மா விரலை நீட்டி, “ஏட்டி, இதைப் பாரேன்” என்றார். வலது கை மோதிர விரல். நுனியில் நாவல்பழச் சாறு பட்டது போல ஒரு நிறம். கறையோ என்று தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. மற்ற விரல்களெல்லாம் சூடாக இருக்க, அது மட்டும் பானைத் தண்ணீரில் கிடந்தது மாதிரி சில்லென்று இருந்தது. வெளியே மே மாத வெயில். ஃபேன் காற்றே அனலாக அடித்துக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஜனவரி மாதத்து டில்லியில் விரல் வெளுத்தால் குளிர் என்று சொல்லலாம். மே மாதத்து மும்பையில், ஐஸ் தொடாத, ஏ.சி. இல்லாத வீட்டில், ஒரு விரல் மட்டும் ஏன் குளிர்ந்து நீலமாக வேண்டும்? அன்றைக்கு எனக்கு இந்தக் கேள்வி தோன்றவில்லை. யாராவது ஒருவர் கேட்டிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

முதல் கிளினிக்கில் அம்மா சொன்னது, “விரல் மரத்துப் போச்சு.” டாக்டருக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் இருந்த அண்ணன் ஒருவர் இந்தியில் எடுத்துச் சொன்னார். அங்கிருந்து அது நரம்புக் கோளாறு ஆனது, வைட்டமின் மாத்திரை வந்தது. இதில் அவர் தப்பு மட்டும் இல்லை, நம் மொழியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஊசி போடும்போது “நரம்பு கிடைக்கலை” என்கிறோம், அது ரத்தக் குழாய். “நரம்புத் தளர்ச்சி” என்கிறோம், அது வேறு நரம்பு. இந்தியில் ‘நஸ்’ என்ற சொல்லுக்கும் இதே கதிதான். ரத்தம் வராததால் மரத்த விரலும், நரம்பு கெட்டதால் மரத்த விரலும் எங்கள் வாயிலிருந்து ஒரே சொல்லாகத்தான் வரும். ஆகவே எங்கள் சொல்லை வைத்து முடிவு செய்யாதீர்கள். விரலைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது கிளினிக்கில் ஆயின்மென்ட். நாள் முழுக்கத் தண்ணீரிலும் புளித்த மாவிலும் கை வைப்பதால் வந்தது என்றார்கள். கேட்கும்போது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் முப்பது வருஷமாக அதே மாவுதான், அதே தண்ணீர்தான்.

ஜூலையில் நக ஓரத்தில் வலி கடுமையாகிவிட்டது. நகச்சுற்று என்று நாங்களே முடிவு கட்டி, எலுமிச்சம்பழத்தில் துளை போட்டு விரலில் செருகி வைத்தோம். பக்கத்து வீட்டு அத்தை சொன்னதைக் கேட்டு வெந்நீரில் முக்கி எடுத்தோம். உணர்ச்சி குறைந்த விரலுக்குச் சூடு தெரியவில்லை, கொப்புளம் வந்துவிட்டது. மூன்றாவது டாக்டரும் நகச்சுற்று என்றார். ஆன்டிபயாடிக் ஐந்து நாள், அப்புறம் இன்னும் ஐந்து நாள். ராத்திரியில் அம்மா கட்டிலின் ஓரத்தில் படுத்துக் கையைக் கீழே தொங்கவிட்டுக்கொள்வார். தூக்கி வைத்தால் வலி கூடும், தொங்கவிட்டால் கொஞ்சம் குறையும். ரத்தம் போதாத விரலின் அடையாளம் அது என்று பிற்பாடுதான் தெரிந்தது.

இதே மாதங்களில் அம்மாவுக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. வயிறு உப்பசம். இரண்டு இட்லி சாப்பிட்டால் போதும் என்பார். அதே கிளினிக்குகளில் அதற்கும் கேட்டோம், கேஸ் மாத்திரை கிடைத்தது. விரலுக்கு ஒரு சீட்டு, வயிற்றுக்கு ஒரு சீட்டு. இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. நானும் பார்க்கவில்லை. அம்மாவின் ரவிக்கை கைப்பக்கம் தொளதொள என்று ஆகிவிட்டது, பாவாடை நாடாவோ பழைய முடிச்சுக்கு எட்டவில்லை. கை இளைக்கிறது, வயிறு பெருக்கிறது. துணி துவைத்துக் காயப்போட்டவள் நான்தான், என் கண்ணுக்கும் அது படவில்லை.

செப்டம்பர் கடைசியில் விரல் நுனி கருத்துவிட்டது. ஆள்காட்டி விரலும் நீலம் கட்டத் தொடங்கியது. அதற்குப் பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். கையில் குறிப்புச் சீட்டு எதுவும் இல்லாததால் முதல் நாள் தோல் பிரிவில் நின்றோம், இரண்டாம் நாள் வேறு பிரிவுக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் பார்த்தவர் பயிற்சியில் இருந்த ஓர் இளம் டாக்டர். அவர் செய்ததைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் அதில் ஒன்றுக்கும் மிஷின் தேவைப்படவில்லை.

ஸ்டூலை இழுத்துப் போட்டு அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார். இரண்டு கையையும் தன் கையில் வாங்கிக்கொண்டார். வலி உள்ள கையை மட்டும் அல்ல, இரண்டையும். திருப்பி உள்ளங்கைப் பக்கமும் நகங்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். நம்மைப் போன்ற கருத்த தோலில் மேல்பக்கம் நிறம் மாறுவது தெரியாது, நகமும் விரலின் அடிப்பக்கமும்தான் சொல்லும் என்றார். ஒவ்வொரு நகமாக அழுத்திவிட்டு வாய்க்குள் எண்ணினார். விட்டதும் இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டுமாம். நடுவிரலில் திரும்பியது. ஆள்காட்டி விரலில் ஆறு எண்ணும் வரை வெளுப்பு போகவில்லை. மோதிர விரலில் வரவே இல்லை. அப்புறம் அம்மாவைக் கையை இறுக மூடச் சொல்லி, மணிக்கட்டில் இரண்டு பக்கமும் ஓடும் ரத்தக் குழாய்களைக் கட்டை விரல்களால் அமுக்கி, கையைத் திறக்கச் சொல்லி, ஒரு பக்கத்தை மட்டும் விட்டார். உள்ளங்கை எவ்வளவு சீக்கிரம் சிவக்கிறது என்று பார்த்தார். பிறகு மறுபக்கம். ஆலன் சோதனை என்று பெயர், 1929ல் வந்ததாம். மணிக்கட்டுக் குழாய்கள் இரண்டும் நன்றாக ஓடின. அப்படியானால் அடைப்பு விரலுக்குள் இருக்கும் மெல்லிய குழாய்களில்.

இவ்வளவுக்கும் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அப்புறம் கேட்டார்: “அம்மா, பீடி, புகையிலை, பல்லில் தேய்க்கும் மிஷ்ரிப் புகையிலைப் பொடி ஏதாவது?” இல்லை. “சாப்பாடு எப்படி இறங்குகிறது?” அம்மா வயிற்றைத் தடவிக்கொண்டு, கேஸ் என்றார். டாக்டர் அம்மாவின் தொளதொளத்த ரவிக்கையைப் பார்த்தார். படுக்கச் சொல்லி வயிற்றில் கை வைத்துத் தட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறியது எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

ரத்தப் பரிசோதனையில், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் ஏழு லட்சத்தைத் தாண்டியிருந்தன. சாதாரணமாக ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்க வேண்டும். உடம்பில் அழற்சி இருந்தால் கூடும் ஈ.எஸ்.ஆர். 96, மிக அதிகம். ஹீமோகுளோபின் ஒன்பதுக்குக் கீழே. இதயத்தில் உறைந்த ரத்தக் கட்டி இல்லை என்று எக்கோ என்ற இதய ஸ்கேன் சொன்னது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன்னையே தாக்கும் லூபஸ், ஸ்க்ளீரோடெர்மா போன்ற நோய்களுக்கான ஏ.என்.ஏ. ரத்தச் சோதனையில் ஒன்றும் இல்லை. வயிற்று ஸ்கேனில் இரண்டு சினைப்பையிலும் கட்டி, வயிறு நிறைய நீர். சினைப்பைப் புற்றுநோய், மூன்றாம் நிலை. சிகிச்சைக்குப் பரேலில் இருக்கும் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சயானில் லோக்கல் ஏறினால் மாட்டுங்கா, தாதர், அடுத்தது பரேல். அந்த மூன்று ஸ்டேஷனைக் கடக்க எங்களுக்கு ஐந்து மாதம் ஆனது.

வயிற்றில் இருக்கும் கட்டிக்கும் விரல் நுனிக்கும் என்ன சம்பந்தம் என்று நான் அந்த டாக்டரைத் துளைத்து எடுத்தேன். அவர் பொறுமையாகச் சொன்னார். சில புற்றுநோய்கள் ரத்தத்தைச் சுலபமாக உறைய வைக்கின்றன. சிலவற்றில் தட்டணுக்கள் அளவுக்கு மேல் பெருகுகின்றன. சில ரத்தப் புற்றுநோய்களில் புரதம் கூடி ரத்தமே கெட்டியாகிறது, அல்லது குளிரில் திரண்டுகொள்ளும் புரதம் உண்டாகிறது. சிலருக்குக் குழாய்ச் சுவர் அழற்சி பட்டுச் சுருங்குகிறது. எதுவானாலும் விரல்தான் கடைமடை. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் கடைமடை வயல்தானே முதலில் காயும். சினைப்பை, நுரையீரல், இரைப்பை, கணையம், நிணநீர், ரத்தம் என்று பல இடத்துப் புற்றுநோய்களோடும் இந்த விரல் நோய் எழுதப்பட்டிருக்கிறது. சிலரிடம் புற்றுநோய் வெளியே தெரியும் முன்பே விரல் காட்டிக்கொடுத்திருக்கிறது.

இது நேற்றுக் கண்டுபிடித்த சங்கதியும் இல்லை. விரல் வெளுத்து, நீலமாகி, சிவக்கும் நோயை மொரிஸ் ரேனோ என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862ல் எழுதினார், அவர் பெயராலேயே அதை இன்றும் அழைக்கிறீர்கள். மூன்று வருடம் கழித்து, 1865ல், பாரிஸில் அர்மாண்ட் த்ரூஸோ என்பவர் காரணமில்லாமல் நாளங்களில் ரத்தம் உறைந்தால் உள்ளே புற்றுநோயைத் தேடுங்கள் என்று பாடம் நடத்தினார். பிறகு தன் உடம்பிலேயே அதைக் கண்டார். 1867ல் வயிற்றுப் புற்றுநோயால் இறந்துபோனார். நோய் எங்கோ இருக்க, ரத்தம் வேறெங்கோ உறையும் என்பது இத்தனை பழைய பாடம்.

நீல விரலைக் கண்டதும் புற்றுநோய் என்று எங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. அப்படி நடந்தால் இந்த மடலை எழுதியதற்கே வருத்தப்படுவேன். என் தங்கை மகளுக்கு 19 வயது, டில்லியில் படிக்கிறாள். குளிர்காலத்தில் இரண்டு கை விரல்களும் சுண்ணாம்பாக வெளுத்து, கையுறை போட்டதும் சரியாகிவிடும். வலி இல்லை, புண் இல்லை, ரத்தச் சோதனை எல்லாம் சரி. அது இளம் பெண்களுக்குச் சாதாரணமாக வருவது, அவளுக்குக் கையுறையே போதும். நம் பகுதியில் ஆண்களுக்கு விரல் கருத்தால் பல நேரம் பீடிதான் காரணம், 1908ல் லியோ பர்கர் விவரித்த நோய். அதற்கு முதல் மருந்து பீடியை விடுவது. கல் உடைக்கும், தரை துளைக்கும் மிஷின் பிடிக்கிறவர்கள், கழுத்தில் கூடுதல் விலா எலும்பு உள்ளவர்கள், இதயத் துடிப்பு சீராக இல்லாதவர்கள், ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவர்கள் என்று காரணங்கள் நிறைய. புற்றுநோய் இவற்றில் அரிதான ஒன்று. அரிதுதான். ஆனால் அரிதானதைக் கண்டுபிடிக்கும் வழியும், அரிதல்லாததைக் கண்டுபிடிக்கும் வழியும் ஒரே இடத்தில்தான் ஆரம்பிக்கின்றன. காரணத்தைத் தேடுவதில்.

நான் கேட்பது அது ஒன்றுதான். நாற்பது, ஐம்பது வயதுக்கு மேல், முன்பு இல்லாமல் புதிதாக, அதுவும் ஒரு பக்கத்தில் ஒன்றிரண்டு விரல் மட்டும், வலியோடு நீலமாகவோ கருப்பாகவோ வந்தால், காரணம் தெரியும் வரை அதை ஆயின்மென்ட் போட்டு மூடாதீர்கள். இரண்டு கையையும் பிடித்துப் பாருங்கள். நகத்தை அழுத்தி எண்ணுங்கள். உடம்பு இளைத்திருக்கிறதா, பசி குறைந்திருக்கிறதா, இருமலில் ரத்தமா, மாதவிடாய் நின்ற பிறகு உதிரப்போக்கா என்று கேளுங்கள். பீடி பிடிப்பீர்களா என்று பெண்களிடம் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள், பல்லில் மிஷ்ரி தேய்ப்பதுண்டா என்று தனியாகக் கேட்க வேண்டும். ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை, ஈ.எஸ்.ஆர்., நெஞ்சு எக்ஸ்ரே இந்த மூன்றையாவது எழுதிக் கொடுங்கள். எங்களுக்கு அந்த ரத்தப் பரிசோதனைக்கு ஆன செலவு, ஐந்து மாதம் வாங்கிய மாத்திரை, களிம்புச் செலவைவிடக் குறைவு.

திடீரென்று விரலோ கையோ வெளுத்து, சில்லிட்டு, தாங்க முடியாத வலியோடு வந்தால் அதற்கு மணிக்கணக்குதான் அவகாசம். ரத்தச் சீட்டுக்குக்கூடக் காக்க வேண்டாம், அப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுங்கள்.

அனுப்பும்போது இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். “வயது 56, ஐந்து வாரமாக வலது மோதிர விரலில் ரத்த ஓட்டம் குறைவு, எடை குறைந்திருக்கிறது” என்று உங்கள் கையெழுத்தில் இருந்தால், அந்தத் தாளுக்கு அங்கே மரியாதை உண்டு. எங்கள் வாய்ச்சொல் மட்டும் போனால் தோல் பிரிவுக்குப் போகும். கருத்த நுனியைக் கிளினிக்கில் கீறவும் வேண்டாம். வெந்நீரில் முக்கக் கூடாது, எலுமிச்சம்பழம் செருகக் கூடாது என்றும் சொல்லி அனுப்புங்கள். நாங்கள் சொல்வதைவிட நீங்கள் சொன்னால் எங்கள் அத்தைமார் கேட்பார்கள்.

அம்மாவுக்கு ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றுத் தோலில் ஊசி போட்டார்கள். மூன்று கீமோ, அப்புறம் அறுவை சிகிச்சை, மறுபடி மூன்று கீமோ. இரண்டாவது கீமோவுக்குப் பிறகு ஒரு காலையில் ஆள்காட்டி விரலை என் கன்னத்தில் வைத்து, “சூடா இருக்கா பாரு” என்றார். இருந்தது. நிறமும் திரும்பியிருந்தது. மோதிர விரலின் நுனி மட்டும் உலர்ந்து தானாக விழுந்தது. அந்தக் கையால்தான் மறுபடி மாவு கரைத்தார். முதல் ஈட்டை எடுத்து ஆவியோடு என் மகனுக்கு ஊட்டினார். பத்தொன்பது மாதம் இருந்தார்.

மே மாதமே கண்டுபிடித்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று அந்த இளம் டாக்டரைக் கேட்டேன். “அதை யாராலும் சொல்ல முடியாது, அக்கா” என்றார். நேர்மையான பதில். நானும் அதற்கு மேல் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த விரல் கருகியிருக்க வேண்டியதில்லை. ஐந்து மாதம் கையைத் தொங்கவிட்டு, தூங்காமல் கிடந்திருக்க வேண்டியதில்லை. வயிற்றில் அவ்வளவு நீர் சேரும் வரை கேஸ் மாத்திரை விழுங்கியிருக்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. வயதான நம் பெண்கள் உங்களிடம் வரும்போது, சொன்னது ஒன்றும் உங்களுக்குப் போய்ச் சேர்ந்தது ஒன்றுமாகப் போகிறது என்று பட்டால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு வேலை இல்லை. வந்து பக்கத்தில் உட்கார்ந்து, தமிழில் கேட்டு இந்தியிலோ மராத்தியிலோ அப்படியே சொல்கிறேன். காசு எதுவும் வேண்டாம். அப்பா இன்னும் தினமும் ஆறு மணிக்குச் சைக்கிளில் கிளம்புகிறார். அவருடைய ஹார்ன் சத்தம் உங்கள் வாசலில் கேட்டால் நிறுத்தி, எந்தக் கிளினிக், எத்தனை மணி என்று மட்டும் சொல்லுங்கள். நான் வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
இட்லிக்கார அம்மாவின் மகள்,
90 அடி சாலை, தாராவி, மும்பை